வீட்டில் ஓர் அறையை முதன்முறையாக வாடகைக்கு விடுபவர்களுக்கு: ஒப்பந்தம் எழுதுவது எப்படி?

அண்ணன் குடும்பத்தோடு ஓசூருக்குப் போன பிறகு, கோவை பீளமேட்டில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் காலியாகக் கிடந்தன. சுற்றிலும் கல்லூரிகள், மருத்துவமனைகள், கம்பெனிகள். தெரிந்தவர் சொல்லி ஒரு பையன் வந்தான். பார்த்ததும் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. அட்வான்ஸை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டோம். ஒரு வாரம் கழித்து ஜெராக்ஸ் கடைக்குப் போய், அவர்கள் கம்ப்யூட்டரில் வைத்திருந்த படிவத்தில் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி அச்செடுத்து வந்தேன்.

பதினான்கு மாதம் கழித்து அவன் காலி செய்தபோதுதான் அந்தத் தாளை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். ஹால், சமையலறை, தனி மின் இணைப்பு என்று அவனுக்கு நாங்கள் கொடுக்காததெல்லாம் அதில் இருந்தது. மோட்டார் யார் போடுவது, கரண்ட் பில்லை எப்படிப் பிரிப்பது, நண்பன் வந்து பத்து நாள் தங்கினால் என்ன செய்வது, சுவரில் ஆணி அடித்தால் யார் சரிசெய்வது என்பதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அந்த விஷயங்களில்தான் மனஸ்தாபம் வந்தது. நாங்கள் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டோம், அவன் ஒன்றும் பேசாமல் மீதியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லி வருத்தப்படுவார்.

கடைகளில் கிடைக்கும் படிவங்கள் முழு வீட்டுக்காக எழுதப்பட்டவை. முழு வீட்டை விடும்போது கதவுக்கு உள்ளே இருப்பதெல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு என்று விட்டுவிடலாம். அறையை மட்டும் விடும்போது பாத்ரூம், படி, கேட், மீட்டர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொதுவாகிவிடும். சண்டை வருவது பெரும்பாலும் இந்தப் பொதுவான இடங்களில்தான். அதனால் ஒப்பந்தத்தின் எடையும் அங்கேதான் இருக்க வேண்டும். கீழே சொல்வது தமிழ்நாட்டுச் சட்டத்தை வைத்து எழுதியது.

படி 1: அறையை விடும் உரிமை யாருக்கு?

வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். வீடு அம்மா பெயரில் இருந்து, வேலையெல்லாம் நீங்கள் பார்த்தாலும் அம்மாவே கையெழுத்திடட்டும். அவரால் முடியாவிட்டால் உங்களுக்கு எழுத்தில் அதிகாரப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். அப்பா காலமாகி, வீடு இன்னும் பாகப்பிரிவினை ஆகாமல் இருந்தால் கூட்டு உரிமையாளர்கள் எல்லோருடைய சம்மதத்தையும் எழுதி வாங்குங்கள். வெளியூரில் இருக்கும் தங்கை பின்னாளில் 'என்னைக் கேட்காமல் எப்படி விட்டீர்கள்?' என்று கேட்டால், நடுவில் மாட்டிக்கொள்வது வாடகைக்கு வந்தவர்.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தின் விதிகளைப் பாருங்கள். வீட்டுக்கடன் இருந்தால், வாடகைக்கு விடுவது பற்றி வங்கி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பலர் கவனிக்காத ஒரு விஷயம். மாடி முழுவதையும் பெண்களுக்கான பேயிங் கெஸ்ட் இடமாக மாற்றும் எண்ணம் இருந்தால், வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். ஓர் அறையை ஒருவருக்கு விடுவது வேறு, விடுதி நடத்துவது வேறு.

படி 2: எந்தச் சட்டம் பொருந்தும்?

1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 2017-இல் கொண்டுவரப்பட்ட, வீட்டு உரிமையாளர் மற்றும் வாடகைதாரரின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. முழு வீடு மட்டுமில்லை, கட்டடத்தின் ஒரு பகுதியைத் தனியாக வாடகைக்கு விட்டாலும் இதற்குள் வரும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பதும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதும் இதன் அடிப்படை. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் வாடகை அதிகாரி.

'11 மாதம்னு போட்டா பதிவே வேண்டாம்' என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பழக்கம் வந்த காரணம் வேறு. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவு, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிவு செய்யச் சொல்கிறது. அதைத் தவிர்க்கத்தான் 11 மாதம். ஆனால் வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு இதிலிருந்து தனி. 11 மாதம் என்றாலும் அது தேவை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலானோர் பதிவே செய்யாமல் இருக்கிறார்கள்.

சிலர் 'லீவ் அண்ட் லைசென்ஸ்னு (அதாவது தங்கிக்கொள்ள அனுமதி மட்டும் தரும் ஒப்பந்தம்னு) தலைப்புப் போட்டுக்கோங்க, அவருக்கு வாடகைதாரர் உரிமையே வராது' என்று யோசனை சொல்வார்கள். தலைப்பை மாற்றினால் உறவு மாறிவிடாது. 1959-இல் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஆவணத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதை விட, தரப்பினரின் நோக்கம் என்ன, அந்த இடம் ஒருவருடைய தனி அனுபவத்தில் விடப்பட்டதா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். அறைக்குத் தனிப் பூட்டு, சாவி அவர் கையில், நீங்கள் கேட்காமல் உள்ளே போக மாட்டீர்கள் என்றால் அது வாடகைதான். அப்படியே எழுதுங்கள்.

படி 3: வருபவர் யார்?

அடையாள அட்டையின் நகல், வேலை செய்யும் இடம் அல்லது கல்லூரி விவரம், சொந்த ஊர் முகவரி, அவசரத்துக்கு அழைக்க வீட்டார் ஒருவரின் எண். இவ்வளவு போதும். ஆதார் நகலைச் சரிபார்ப்புக்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்றால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரே போதும். பதிவுக்கு என்ன கேட்கிறார்களோ அதை அப்போது கொடுத்துக்கொள்ளலாம். அடுத்தவருடைய ஆவணம் உங்கள் வாட்ஸ்அப்பில் வருடக்கணக்கில் கிடக்க வேண்டியதில்லை.

கல்லூரி மாணவர் என்றால் பிறந்த தேதியைப் பாருங்கள். முதலாம் ஆண்டு சேரும் பலருக்கு 17 வயதுதான் இருக்கும். 18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. அப்பாவோ அம்மாவோ வாடகைதாரராகக் கையெழுத்திட்டு, 'அறையில் தங்குபவர் என் மகன்' என்று குறிப்பிட்டால் சரி.

ஒரே அறையில் இரண்டு பேர் தங்கினால், ஒரே ஒப்பந்தமா, ஆளுக்கு ஒன்றா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். என் அனுபவத்தில் ஆளுக்கு ஒன்றுதான் நல்லது. ஒருவர் பாதியில் கிளம்பினால் மற்றவர் முழு வாடகையையும் தர வேண்டுமா, போகிறவருடைய அட்வான்ஸை யார் தருவது என்ற கேள்விகள் எழாது.

2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் தங்கியிருந்தவர்கள், வங்கிக் கொள்ளையில் தேடப்பட்டவர்கள் என்று கூறி காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் வாடகைதாரர் விவரங்களைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்ற உத்தரவு சென்னையில் வந்தது. உங்கள் ஊரில் நடைமுறை என்ன என்று பக்கத்துக் காவல் நிலையத்தில் கேட்டு விவரம் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புகையும் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர் வந்தால், வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை அதற்கென்று உள்ள அரசுப் படிவத்தில் இணையம் வழியாக அனுப்ப வேண்டும். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

சாதியைக் கேட்காதீர்கள், சுற்றிவளைத்தும் கேட்காதீர்கள். 'நீங்க எந்த ஊர், அங்க எந்தத் தெரு, குலதெய்வம் எது?' என்ற விசாரிப்பு எங்கே போய் முடியும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். வீட்டில் அசைவம் சமைக்கக் கூடாது என்பது உங்கள் விதியாக இருந்தால், அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி, அறையைக் காட்டும்போதே சொல்லிவிடுங்கள்.

படி 4: அட்வான்ஸ்

பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னையில் வெகு காலமாக இருந்த வழக்கம். இப்போதுள்ள சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, 3 மாத வாடகைக்கு மேல் வாங்குவது சட்டவிரோதம். 'வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆறு, எட்டு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அறை வாடகைக்கு அது தேவையே இல்லை. 6,000 ரூபாய் அறைக்கு 18,000 ரூபாய் கையில் இருந்தால், ஒரு மாத வாடகை பாக்கி, கரண்ட் பில், சின்னச் சேதம் எல்லாவற்றுக்கும் போதும்.

அட்வான்ஸைச் செலவு செய்யாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது அவருடைய பணம், உங்களிடம் இருக்கிறது, அவ்வளவுதான். அறை காலியான ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 'அடுத்த ஆள் வரட்டும், அவர் அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்' என்று இழுத்தடிப்பதற்கு அதில் இடமில்லை. நாங்கள் இப்போது அம்மா பெயரில் தனிச் சேமிப்புக் கணக்கு வைத்து, அட்வான்ஸ் பணத்தை அதில்தான் போடுகிறோம்.

டோக்கன் அட்வான்ஸ் வாங்கினால் அதற்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதுங்கள். எத்தனை நாளைக்குள் வர வேண்டும், வராவிட்டால் எவ்வளவு திரும்பும் என்று இரண்டு வரி போதும்.

படி 5: ஒப்பந்தத்தை எழுதுவது

தமிழிலேயே எழுதலாம். வருபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அவருக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள். புரியாத தாளில் வாங்கிய கையெழுத்து பின்னால் தகராறைத்தான் கொண்டுவரும்.

தொடக்கத்தில் இரு தரப்புப் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, நிரந்தர முகவரி, தேதி. இது எல்லாப் படிவத்திலும் இருக்கும். அதற்கு அடுத்து வரும் சொத்து விவரத்தில்தான் கவனம் வேண்டும். 'கதவு எண் இன்ன வீடு' என்று நிறுத்திவிட்டால் முழு வீட்டையும் விட்டதாகப் படும். இப்படி எழுதுங்கள்:

"மேற்படி வீட்டின் முதல் மாடியில், படியேறியதும் வலப்புறம் உள்ள, சுமார் 10 அடிக்கு 12 அடி அளவுள்ள ஓர் அறை மட்டும் வாடகைதாரரின் தனி உபயோகத்துக்கு விடப்படுகிறது. அதே மாடியில் உள்ள குளியலறை, கழிப்பறை, துணி காயப்போடும் மொட்டைமாடி, மாடிப்படி, முன் கேட் ஆகியவற்றை மற்றவர்களோடு பொதுவாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். கீழ்த்தளமும் சமையலறையும் இந்த ஒப்பந்தத்தில் சேராது."

கையால் ஒரு சின்ன வரைபடம் போட்டுப் பின்னால் இணைத்தால் இன்னும் தெளிவு.

அடுத்து வாடகை. தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதி, எந்தத் தேதிக்குள், எந்த வழியில் என்று சேருங்கள். தண்ணீர், குப்பை, வைஃபை எல்லாம் சேர்த்தா தனியா என்று சொல்லுங்கள். வாடகை உயர்வை 'புதுப்பிக்கும்போது பேசிக்கொள்ளலாம்' என்று விடாமல், இத்தனை சதவீதம் என்று இப்போதே எழுதிவிடுங்கள். மாணவர்கள் தங்கும் அறை என்றால் மே மாத விடுமுறைக்கு வாடகை உண்டா, பாதியா என்ற கேள்வி நிச்சயம் வரும். எங்கள் ஒப்பந்தத்தில் 'அறையில் பொருட்கள் இருக்கும்வரை முழு வாடகை' என்று ஒரு வரி உண்டு. அந்த வரியைப் படித்துக் காட்டிய பிறகு யாரும் கேட்டதில்லை.

கரண்ட்: தனியாக ஒரு பத்தி வேண்டிய விஷயம்

அறை விடும் வீடுகளில் பெரும்பாலும் ஒரே மீட்டர்தான். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பது தமிழ்நாட்டில் வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உங்கள் வீடு 390 யூனிட் ஓடிக்கொண்டிருந்தது, அறைக்கு வந்தவர் 130 சேர்க்கிறார், மொத்தம் 520. பில் எகிறுகிறது. 'உன்னால்தானே தாண்டியது, கூடுதல் முழுக்க நீயே கொடு' என்பதும் நியாயமில்லை. 'வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார்' என்று ஊர் முழுக்கப் புலம்புகிறார்களே, அந்த மாதிரி ஒரு தொகையை நிர்ணயிப்பதும் நியாயமில்லை.

நாங்கள் செய்வது இது. அறையின் உபயோகத்தை மட்டும் அளக்க ஒரு சப்-மீட்டர் வைத்தோம். மின்வாரியப் பில் வந்ததும் அறையின் யூனிட்டை மொத்த யூனிட்டால் வகுத்து, அந்தப் பங்கை மட்டும் வாங்குகிறோம். 520-இல் 130 என்றால் நாலில் ஒரு பங்கு. பில் 2,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அவர் பங்கு 550. 100 யூனிட் இலவசத்தின் பலனும் அதே விகிதத்தில் அவருக்கும் போகிறது. பில்லின் படத்தையும் சப்-மீட்டரின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவோம். ஒப்பந்தத்தில் இப்படி:

"மின்கட்டணம், இரண்டு மாதப் பில் தொகையை மொத்த யூனிட்டுக்கும் அறையின் சப்-மீட்டர் யூனிட்டுக்கும் உள்ள விகிதப்படி பிரித்துக் கணக்கிடப்படும். குடிவரும் நாளில் சப்-மீட்டர் அளவு ______. ஏ.சி., இண்டக்ஷன் அடுப்பு, ஹீட்டர் ஆகியவற்றை உரிமையாளரிடம் தெரிவித்த பிறகே பொருத்த வேண்டும்."

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர் வந்தால் சார்ஜ் எங்கே போடுவார் என்று கேளுங்கள். போர்ட்டிகோவில் இருக்கும் பிளக் பாயின்ட் சப்-மீட்டருக்கு வெளியே இருக்கும். அதை முன்பே பேசிவிடுவது நல்லது.

தண்ணீர், பாத்ரூம், கேட், விருந்தினர்

எங்கள் பக்கம் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டு உண்டு. நல்ல தண்ணீர் வரும் நாளில் மாடிக்கு எத்தனை குடம், போர் மோட்டாரை யார் போடுவது, தொட்டி நிரம்பினால் யார் நிறுத்துவது, கோடையில் தண்ணி லாரி வாங்கினால் எப்படிப் பிரிப்பது என்று எழுதுங்கள். பொதுப் பாத்ரூமைக் கழுவுவதற்கு முறை வைத்துக்கொண்டால் அதையும் எழுதுங்கள். இதையெல்லாமா ஒப்பந்தத்தில் எழுதுவார்கள் என்று தோன்றலாம். அறை வாடகையில் எழுத வேண்டியதே இதுதான். 'வீட்டு நடைமுறை' என்று ஒரு தனிப் பக்கமாக வைத்து, இருவரும் அதிலும் கையெழுத்திடலாம்.

இரவில் கேட்டைப் பூட்டும் நேரம் சொல்கிறீர்கள் என்றால், ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கு ஒரு சாவி கொடுங்கள். வளர்ந்த மனிதர் எத்தனை மணிக்கு வருகிறார் என்று கணக்குப் பார்ப்பது வாடகைக்கு விடுபவர் வேலை இல்லை. சத்தம், பாதுகாப்பு இரண்டும்தான் உங்கள் கவலை, அதை மட்டும் விதியாக்குங்கள். விருந்தினருக்கு ஓர் எண் வைப்பது நல்லது. 'மாதத்தில் 4 இரவுக்கு மேல் என்றால் முன்பே சொல்ல வேண்டும்' என்பது எங்கள் விதி. பெற்றோர் வந்தால் இந்தக் கணக்கில்லை என்று சேர்த்திருக்கிறோம். உள்வாடகைக்கு விடக் கூடாது என்ற வரியும் கட்டாயம் வேண்டும். உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அப்படி விட்டால், இடத்தைத் திரும்பக் கேட்பதற்குச் சட்டப்படி அதுவே ஒரு காரணம்.

கேமரா வைத்திருந்தால் எங்கே இருக்கிறது என்று ஒப்பந்தத்தில் சொல்லுங்கள். கேட், படிக்கட்டு சரி. அறைக் கதவையோ பாத்ரூம் வாசலையோ பார்த்தபடி வைக்கவே கூடாது.

அறைக்குள் நீங்கள் போவது பற்றியும் ஒரு வரி வேண்டும். ரிப்பேர் அல்லது பார்வையிடுவதற்காகப் போவதென்றால் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வாட்ஸ்அப் செய்தியை இருவரும் எழுத்துபூர்வத் தகவலாக ஏற்கிறோம் என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்களிடம் மாற்றுச் சாவி இருக்கலாம். ஆனால் அவர் ஊரில் இல்லாதபோது கேட்காமல் அதைப் பயன்படுத்துவது சரியில்லை. 'கூட்டிவிடலாம் என்றுதான் திறந்தேன்' என்று அம்மா ஒருமுறை சொன்னார். அன்பில் செய்ததுதான். ஆனாலும் அது இப்போது வாடகைக்கு இருப்பவரின் அறை என்று எடுத்துச் சொன்னேன்.

பெயிண்ட் காசு

காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்டுக்குப் பிடிப்பது தமிழ்நாடு முழுக்க எழுதப்படாத வழக்கம். ஆனால் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பார்த்தால், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, கட்டட ரிப்பேர், தேவைப்படும்போது தண்ணீர் பைப் லைனை மாற்றுவது, மின் வயரிங் ஆகியவை உரிமையாளர் பக்கம் இருக்கின்றன. தண்ணீர் திறக்கும் டேப், அதன் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பக்கம். ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பேசிக்கொள்ளலாம். எழுதாமல் விட்டுவிட்டுக் கடைசி நாளில் பிடிக்கும்போதுதான் தகராறு.

என் கருத்தைச் சொல்கிறேன். ஒருவர் இரண்டு வருடம் குடியிருந்தால் சுவர் மங்கத்தான் செய்யும். அதற்கான விலையை வாடகையிலேயே வாங்கிவிட்டோம். எண்ணெய்க் கறை, பெரிய ஓட்டை, உடைந்த கதவு என்றால் ரிப்பேர் பில்லைக் காட்டி அந்தத் தொகையை மட்டும் கழியுங்கள். பெயிண்டுக்கென்று ஒரு தொகை பிடிக்கத்தான் வேண்டும் என்றால், எவ்வளவு என்பதை ரூபாயில் எழுதி, அட்வான்ஸ் வாங்கும் முன்பே காட்டுங்கள்.

நோட்டீஸ்

அறைக்கு இருபக்கமும் ஒரு மாத நோட்டீஸ் போதும். குறைந்தது மூன்று மாதம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். அட்வான்ஸைக் கடைசி மாத வாடகைக்குக் கழித்துக்கொள்ளலாமா என்பதையும் எழுதிவிடுங்கள். பலர் கேட்காமலே கழித்துக்கொள்வார்கள். கழித்துக்கொள்ள விட்டால், சேதத்துக்கும் கடைசிக் கரண்ட் பில்லுக்கும் எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

படி 6: முத்திரைத்தாள், கையெழுத்து, பதிவு

ஒப்பந்தங்களுக்கான முத்திரைக் கட்டணம் தமிழ்நாட்டில் 2024-இல் 20 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக உயர்ந்தது. பழைய பழக்கத்தில் 20 ரூபாய்த் தாளில் அச்செடுத்துத் தருபவரிடம் வாங்காதீர்கள். தாள் வாங்கிய தேதி, கையெழுத்திடும் தேதிக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது. குடிவந்த பிறகு பழைய தேதி போட்டு எழுதுவது வேண்டவே வேண்டாம். ஒரு வருடத்துக்கு மேல் எழுதினால் சார்பதிவாளரிடம் பதிவும், குத்தகைக்கான முத்திரைக் கட்டணமும் வரும். அன்றைய கட்டணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு அசல் தயாரித்து ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திட வேண்டும், கடைசியில் இரண்டு சாட்சிகள். கையெழுத்துக்கு முன் ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். பையனோ பெண்ணோ தனியாக வந்திருந்தால் தாளை ஒரு நாள் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள், வீட்டில் கேட்டுவிட்டு வரட்டும்.

கையெழுத்தானதும் தமிழ்நாடு அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் விவரம், அடையாள எண்கள், புகைப்படம், சொத்து விவரம், ஸ்கேன் செய்த ஒப்பந்தம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள். வாடகை அதிகாரி சரிபார்த்த பிறகு ஒரு பதிவு எண் வரும். அதை இரண்டு அசலிலும் எழுதி வையுங்கள். பின்னால் வாடகை நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் இந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.

படி 7: சாவி கொடுக்கும் நாள்

வெறும் அறையை மொபைலில் ஒரு வீடியோ எடுங்கள். சுவர், தரை, ஜன்னல், சுவிட்ச் போர்டு, பாத்ரூம் குழாய் எல்லாம் தெரியட்டும். அதை அவருக்கும் அனுப்புங்கள். கட்டில், மெத்தை, ஃபேன், டியூப்லைட், அலமாரி, சாவிகள் எத்தனை என்று ஒரு பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஏற்கெனவே இருக்கும் விரிசலையும் கறையையும் நீங்களே சுட்டிக்காட்டி எழுதுங்கள். மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலைதான்.

படி 8: மாதம்தோறும்

வாடகை யு.பி.ஐ.யில் வந்தாலும் ரசீது கொடுங்கள். ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ரசீதில் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். வேலை பார்ப்பவர் வீட்டு வாடகைப்படிக்கு வருமான வரிச் சலுகை கேட்பதற்கு ரசீது கேட்பார். வருட வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் உங்கள் பான் எண்ணையும் தர வேண்டியிருக்கும். அதைத் தர மறுப்பது சரியில்லை. வாடகை வருமானத்தை நீங்கள் கணக்கில் காட்டும்போது, கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் நிலையான கழிவு கிடைக்கும். ரிப்பேர் பில் எதையும் காட்ட வேண்டியதில்லை.

வாடகை தாமதமானால் முதலில் கேளுங்கள், அப்புறம் எழுத்தில் கேளுங்கள். இரண்டு மாத பாக்கி ஆகி, நோட்டீஸ் கொடுத்தும் கட்டாவிட்டால், வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கோரி மனு கொடுக்கலாம். ஆனால் கரண்டைத் துண்டிப்பது, தண்ணீரை நிறுத்துவது, அறையைப் பூட்டுவது, பொருட்களை வெளியே வைப்பது எதுவும் கூடாது. அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைச் சட்டம் நேரடியாகத் தடைசெய்கிறது. நீங்கள் அப்படிச் செய்தால் அவர் வாடகை அதிகாரியிடம் போகலாம், அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அங்கேயே போய்விடும்.

படி 9: காலி செய்யும் நாள்

நோட்டீஸ் வந்த வாரத்திலேயே ஒருமுறை சேர்ந்து அறையைப் பாருங்கள். எதைச் சரிசெய்ய வேண்டும் என்று அப்போதே சொன்னால், அவரே ஆளை வைத்துச் செய்துவிடுவார், குறைந்த செலவில் முடியும். காலி செய்யும் நாளில் பழைய வீடியோவையும் பட்டியலையும் எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். சப்-மீட்டர் அளவைக் குறித்து, கடைசி கரண்ட் பில்லை முந்தைய பில்லை வைத்து உத்தேசமாகப் போட்டுக்கொள்ளலாம், இருவரும் சம்மதித்தால்.

கழிக்கும் ஒவ்வொரு ரூபாயையும் ஒரு தாளில் எழுதுங்கள்: வாடகை பாக்கி இவ்வளவு, கரண்ட் இவ்வளவு, உடைந்த கண்ணாடிக்குக் கடை பில்லோடு இவ்வளவு, திருப்பித் தருவது இவ்வளவு. பணத்தை அவர் வங்கிக் கணக்குக்கே அனுப்பி, 'கணக்கு முடிந்தது, சாவி பெறப்பட்டது' என்று இரண்டு அசலிலும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர் அடையாள அட்டை நகலையும் அன்றைக்கே அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போன மாதம் எங்கள் இரண்டாவது அறை இப்படித்தான் காலியானது. கணக்குப் பார்த்து முடிக்க இருபது நிமிடம் ஆனது, அதற்குள் அம்மா அந்தப் பெண்ணுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டார்.